ஆயாவின் வடையும் வக்காரமாரி முதலையும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். கிழக்கே கடலோரக் குப்பங்கள். மேற்கே நெல் வயல், இன்னும் மேற்கே போனால் முந்திரிக் காடு. இந்தப் பகுதிப் பள்ளிகளில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்தது தொடக்கப் பள்ளி ஆசிரியை என்பது. அதோடு சேர்த்துச் செய்துவந்த இன்னொரு வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பழங்கதையை எடுத்து, விளையாட்டாகக் கொஞ்சம் திருப்பி, படப் புத்தகமாக்குகிற வேலை. பதிப்பகங்களுக்குக் கதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓவியர்களோடு உட்கார்ந்து பக்கம் பிரித்திருக்கிறேன். அச்சான புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய் வாசித்தும் காட்டியிருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு முதல் பாடம் வடைக் கதைதான். ஆயா வடை சுட்டாள், காக்கா தூக்கிக்கொண்டு போனது, நரி பாடச் சொன்னது, வடை விழுந்தது. காக்கா வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடியதாக இதை மாற்றியது யார்? நான் சிறுமியாக இருந்தபோதே அது திண்ணைகளில் உலவிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கக் காரணம், பழைய முடிவு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நரி வாயைத் திறந்ததுமே வடை விழப்போகிறது என்று காத்திருக்கிறார்கள். விழவில்லை. உடனே சிரிக்கிறார்கள். பழைய கதை தெரியாத பிள்ளைக்கு அது வெறும் காக்கா, வெறும் வடை. இதை மனசில் வாங்காமல் எழுதிய புத்தகங்கள்தான் பள்ளி அலமாரியில் புதுக் கருக்கு அழியாமல் கிடக்கின்றன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது தொண்டராகப் போனேன். அப்போது இது தென்னார்க்காடு. 1993-இல்தான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடவும் களையும் முடித்து, சோறாக்கிப் போட்டுவிட்டுப் பெண்கள் அரிக்கேன் வெளிச்சத்துக்கு வந்து உட்காருவார்கள். எழுத்து ஒரு மணி நேரம் என்றால் கதை இரண்டு மணி நேரம் நடக்கும். வயதானவர்களுக்கு 'அ' எழுதுவதைவிடக் கதை சொல்வதில் ஆர்வம் அதிகம். அப்படி ஒரு ராத்திரி குரங்கும் முதலையும் கதையை நான் சொன்னேன். ஆற்றோர நாவல் மரத்துக் குரங்கு முதலைக்குப் பழம் போடுகிறது, நட்பாகிறது. முதலையின் பெண்டாட்டி குரங்கின் ஈரல் வேண்டும் என்று கேட்கிறாள். முதலை குரங்கை முதுகில் ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் விஷயத்தைச் சொல்ல, ஈரலை மரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று குரங்கு தப்பிக்கிறது. பஞ்சதந்திரத்தின் நான்காவது தந்திரம் முழுக்க இந்தக் கதைக்குள்தான் நடக்கிறது.

கூட்டத்தில் ஒரு கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: “ஏம்மா, அந்த முதலப் பொண்டாட்டி நெசமாவே கேட்டாளா? இவன் வந்து சொல்றதுதான? அவள யாராச்சும் போயிப் பாத்தாங்களா?”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தன் மாமியார் பேரைச் சொல்லி நடந்த கதை ஒன்றைத் தொடங்கினாள், அன்றைக்கு எழுத்துப் பாடம் நடக்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எழுதும் படப் புத்தகங்களில் பின்னால் இதே கேள்வியைப் பார்த்தேன். 1989-இல் ஜான் ஷெஸ்கா எழுதி லேன் ஸ்மித் படம் வரைந்த ‘மூன்று பன்றிக்குட்டிகளின் உண்மைக் கதை’யில் ஓநாய் தன் தரப்பைச் சொல்கிறது: எனக்குச் சளி, தும்மினேன், வீடு விழுந்துவிட்டது, என்மேல் பழி போட்டுவிட்டார்கள் என்று. இதைத்தான் எங்கள் ஊர்க் கிழவி, எழுத்துத் தெரியாமலே கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று ஆர்ப்பாட்டமாகப் பாட்டெடுப்பான். கட்டியங்காரன் வெளியே நின்று, யாரய்யா நீ, எந்த ஊரு, இங்கே எதுக்கு வந்தே என்று விசாரிப்பான். அரசனிடம் சம்சாரி கேட்க முடியாததையெல்லாம் அவன் கேட்பான். கதை ஒரு அடிகூடப் பிசகாது. திரௌபதியின் துகிலை உரியும் இடம் வரும்போது ஊரே அழும். ஆனால் அதற்கு முன் விடியவிடிய அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சுற்றிச்சுற்றிப் பார்த்திருப்பார்கள். பழங்கதையை விளையாட்டாகத் திருப்பும் படப் புத்தகம் மேல்நாட்டிலிருந்து வந்த வடிவம் என்று யாராவது சொன்னால், போர்வையைப் போர்த்திக்கொண்டு நான் பார்த்த கூத்துகளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

புத்தகம் என்ற பொருளாக அது எங்கள் கைக்கு வந்தது மெதுவாகத்தான். என் இளமையில் வண்ணப் படத்தோடு தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் மாஸ்கோவில் அச்சான புத்தகங்கள், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றவை. வழவழப்பான தாள், பனி, கரடி, தலையில் துணி கட்டிய பாட்டி. சென்னையில் தாரா பதிப்பகம் 1994-லும் தூலிகா 1996-லும் தொடங்கின. தாரா, வார்லி ஓவியப் பாணியில் ஒரு பசித்த சிங்கத்தின் நாட்டுப்புறக் கதையைப் புத்தகமாக்கியது. தூலிகா ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் வருகிற புத்தகங்களைக் கொண்டுவந்தது. 2004-இல் பெங்களூரில் பிரதம் புக்ஸ் தொடங்கிய பிறகுதான் ஓர் ஆசிரியை தன் கைக்காசில் பத்துப் புத்தகம் வாங்கலாம் என்ற நிலை வந்தது. அதற்கப்புறம் பள்ளிக்குள்ளேயே புத்தகப் பூங்கொத்து என்று வகுப்பறைக்கு ஒரு தொகுப்பு வந்தது. ஜூலை மாதம் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது எங்கள் சில ஆசிரியைகளுக்குப் பண்டிகை மாதிரி ஆனது.

இப்படித் திருப்பிச் சொன்ன வெளிநாட்டுக் கதைகளை நான் நிறையச் சேர்த்தேன். இளவரசி காகிதப் பையைக் கட்டிக்கொண்டு போய் இளவரசனை மீட்கும் ராபர்ட் மன்ஷின் 1980-ஆம் ஆண்டுப் புத்தகம், மூன்று சாதுவான ஓநாய்க்குட்டிகளைப் பெரிய பொல்லாத பன்றி துரத்தும் யூஜின் டிரிவிசாஸின் 1993-ஆம் ஆண்டுப் புத்தகம், பன்றிக்குட்டிகள் கதையின் பக்கத்தைவிட்டே வெளியே நடந்துபோகும் டேவிட் வீஸ்னரின் 2001-ஆம் ஆண்டுப் புத்தகம். எல்லாமே அருமையான வேலை. வகுப்பில் தமிழில் சொல்லிப் பார்த்தால் அவற்றில் பாதி விழுந்துவிடும். காரணம் மேலே சொன்னதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று பன்றிக்குட்டிகளின் நேர்க் கதையே தெரியாது.

அதனால் முதலில் நேர்க் கதையைச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் ஊறவிட்டு, பிறகு திருப்பிய கதையைச் சொல்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். அப்படிப் பன்றிக்குட்டிகளின் நேர்க் கதையைச் சொன்னது 2012-இல், தானே புயலுக்கு அடுத்த மாதங்களில். 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய புயல் அது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன, முந்திரித் தோப்புகள் ஒரே ராத்திரியில் விறகாயின. என் வகுப்பில் பாதிப் பேர் கூரை வீட்டுப் பிள்ளைகள். முதல் பன்றிக்குட்டி சோம்பேறி, வைக்கோலில் வீடு கட்டியது. மூன்றாவது புத்திசாலி, செங்கல்லில் கட்டியது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அதுங்கிட்ட காசு இருந்திருக்காது டீச்சர்” என்றான்.

உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்தக் கதையைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். ஓநாயை நல்லவனாக்கினார்கள், பன்றியைக் கெட்டவனாக்கினார்கள். வைக்கோல் வீடு கட்டியவனைச் சோம்பேறி என்று சொன்னதைக் கேள்வி கேட்ட புத்தகம் எதுவும் என் கையில் இல்லை. கூரை பறந்த வீட்டிலிருந்து வந்தவன் கேட்டான். பிறகு அந்த வகுப்பே சேர்ந்து ஒரு கதை செய்தது. காற்று வரும் என்று தெரிந்ததும் மூன்றாவது பன்றிக்குட்டி போய்த் தம்பிகளைக் கூட்டிவருகிறது, ஊரிலுள்ள கோழி, ஆடு எல்லாவற்றையும் கூப்பிடுகிறது, செங்கல் வீடு புயல் பாதுகாப்பு மையம் ஆகிறது. கடைசியில் நனைந்துபோன ஓநாயும் கதவைத் தட்டுகிறது. உள்ளே விடலாமா வேண்டாமா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துபோனது. விடலாம், ஆனால் அது பாத்திரம் கழுவ வேண்டும் என்று முடிவானது. என் வேலையில் நான் பார்த்த மிகச் சிறந்த திருப்பம் இதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதற்கு ஏழு வருஷம் முன்பு, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இதன் மறுபக்கத்தைப் பார்த்திருந்தேன். தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைப் பக்கக் குப்பங்களிலும் கடல் உள்ளே வந்து ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. முகாம்களுக்கு வெளியூரிலிருந்து நல்ல மனசோடு பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. அதில் ஒன்று புஷ்கின் 1833-இல் எழுதிய, கிழவனும் தங்க மீனும் கதை. கிழவி பேராசைப்பட்டு ஒவ்வொரு வரமாகக் கேட்கக் கேட்கக் கடல் பொங்கிக்கொண்டே போகும். அழகான படங்கள். அந்தப் புத்தகத்தை நான் எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டேன். யாரோ தப்புச் செய்ததால்தான் கடல் பொங்கியது என்று அந்தப் பிள்ளைகளிடம் எந்தக் கதையும் சொல்லக்கூடாது. ஏழு கடல் தாண்டிக் கிளியின் உடம்பில் இருக்கும் அரக்கன் உயிரைக்கூட அந்த வருஷம் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளே கடல் கதைக்கு வந்தார்கள். தங்க மீனிடம் கிழவன் வரம் கேட்பதற்குப் பதிலாக, மீன் கிழவனிடம் வரம் கேட்டது. முதல் வரம், சின்னக் கண்ணி வலை போடாதே. அப்பனும் சித்தப்பனும் வலை பின்னுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் வரம் அது.

கவனித்தால் தங்க மீன் கதைக் கிழவிக்கும் முதலைப் பெண்டாட்டிக்கும் ஒரே வேலைதான். ஆசைப்பட்டுக் கேட்பது, கெடுப்பது. பஞ்சதந்திரத்தின் பழைய வடிவத்தில், தன் புருஷன் பழகுவது ஒரு பெண் குரங்கோடு என்று அவள் சந்தேகப்படுவதாவது இருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு வந்தபோது அதையும் வெட்டிவிட்டு வெறும் நாக்கு ருசிக்காரியாக்கிவிட்டார்கள்.

முதலை என்பது எங்கள் பக்கத்தில் படத்தில் மட்டும் பார்க்கிற பிராணி இல்லை. சிதம்பரத்தைச் சுற்றி, பழைய கொள்ளிடக் கரையில், மழைக் காலத்தில் அது குளத்துக்கு வரும், வாய்க்காலுக்கு வரும், சில நேரம் வீட்டுக் கொல்லைக்கே வரும். வனத்துறையினர் வந்து கயிறு போட்டுப் பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். கடலூர் டவுன் பள்ளி ஒன்றில் நான் குரங்கு முதலை படப் புத்தகத்தை வாசித்தால், உருண்டைக் கண்ணோடு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிற முதலையைப் பார்த்துப் பிள்ளைகள் குதிப்பார்கள். அதே புத்தகத்தைக் கொள்ளிடக் கரைக் கிராமம் ஒன்றில் விரித்தபோது சத்தமே இல்லை. ஒரு பெண் குழந்தை, “எங்க மாமாவக் கடிச்சிது” என்று மட்டும் சொன்னது. ஒரே மாவட்டம், ஒரு மணி நேரப் பஸ் தூரம். பயம் எங்கே உண்மையாக இருக்கிறதோ அங்கே அதை விளையாட்டாக்க வேண்டுமானால் பயந்தவர்களே ஆரம்பித்து வைக்க வேண்டும். அந்த ஊரில் பிள்ளைகள் பிறகு வரைந்த முதலைக்கு உருண்டைக் கண் கிடையாது. தண்ணீருக்கு மேல் இரண்டு புடைப்பு மட்டும்தான். அதுதான் சரியான முதலை.

இனி புத்தகம் செய்கிற வேலையைப் பற்றி. அச்சகத்தில் ஒரு ஃபாரம் பதினாறு பக்கம், அரை ஃபாரம் எட்டு. அதனால் படப் புத்தகம் 16, 24, 32 என்று எட்டின் மடங்கில்தான் முடியும். கதை நீளம் என்று இன்னொரு பக்கம் சேர்க்க முடியாது. எழுதுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தக் கட்டு. தாளை மடித்துப் பின் அடித்து டம்மி செய்து, எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று பென்சிலால் குறிக்காமல் நான் எந்தக் கதையையும் அனுப்புவதில்லை. திருப்பத்தை வலப்பக்கத்தில் வைக்கக் கூடாது. வலப்பக்கத்தில் கேள்வி இருக்க வேண்டும், தாளைத் திருப்பினால் பதில். பிள்ளை தன் கையால் தாளைத் திருப்பும் அந்த நொடியில் காக்கா வாயைத் திறப்பதும் திறக்காததும் தீர்மானமாகிறது.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் ஒருவரோடு வடைக் கதைப் புத்தகத்துக்கு வேலை செய்தேன். அவர் முதல் கூட்டத்திலேயே, “நீங்க எழுதினதுல பாதிய வெட்டிடுங்க டீச்சர், அத நான் வரைஞ்சுட்டேன்” என்றார். அவரிடம்தான் நான் தொழில் கற்றேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் எழுத்து முழுக்கப் பழைய கதை, ஒரு சொல் மாற்றவில்லை. காக்கா வடையைத் தூக்கியது, நரி வந்தது, காக்கா பாடியது, வடை விழுந்தது, காக்கா ஏமாந்தது. ஆனால் முதல் படத்திலேயே மரத்தின் உச்சியில், இலை மறைவில், ஒரு கூடு. அடுத்த படத்தில் கூட்டிலிருந்து மூன்று திறந்த வாய்கள். நரி கீழே புகழ்ந்துகொண்டிருக்கும்போது மேலே வடை கொஞ்சங்கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வருகிறது. ‘வடை விழுந்தது’ என்ற பக்கத்தில் விழுவது விரல்கடை அளவு துண்டு. ‘காக்கா ஏமாந்தது’ என்று எழுத்து சொல்லும் பக்கத்தில் எண்ணெய் மின்னும் அலகோடு மூன்று குஞ்சுகள். எழுத்தை நான் வாசிக்கும்போது பிள்ளைகள் “இல்ல டீச்சர், இல்ல டீச்சர்” என்று கத்துவார்கள். அச்சில் இருப்பதை மறுத்துப் பேச ஒரு குழந்தைக்கு நம் பள்ளிக்கூடத்தில் வேறு எங்கே இடம் கிடைக்கிறது?

முதலில் பார்த்த பதிப்பகம் ஒன்று, கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு நீதி வேண்டும் என்றது. நீதி போட்டால் பெற்றோர் வாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அவர்களுக்கு அது வியாபாரம், புரிகிறது. ஆனால் பிள்ளை கத்திக் கண்டுபிடித்ததை அடுத்த தாளில் பெரியவர்கள் கட்டம் போட்டுச் சொன்னால், அடுத்த புத்தகத்தில் அது படத்தைப் பார்க்காது, நேராகக் கட்டத்துக்குப் போய்விடும். புத்தகம் வேறு இடத்தில் கட்டமில்லாமல் வந்தது.

சிதம்பரத்தில் ஓர் அறிமுகக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, “பெரியவங்க சொல்லிட்டுப் போன கதைய மாத்த நீங்க யாரும்மா?” என்று கேட்டார். கோபமில்லை, நிஜமான வருத்தம். சிதம்பரத்தில் நின்று கேட்டதால் சிதம்பரத்தை வைத்தே பதில் சொன்னேன். சேக்கிழார் பெரிய புராணம் பாடி அரங்கேற்றிய ஊர் இது. அதில் நந்தனார் கதையில் அவரைத் தடுக்கும் பண்ணைக்கார வேதியர் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் கீர்த்தனையில் கொண்டுவந்து சேர்த்த பாத்திரம் அது. இன்றைக்குப் பாதிப் பேர் அந்த வேதியர் புராணத்திலேயே இருக்கிறார் என்று நம்புகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார், இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகம் எழுதினார். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில்தான். 1943-இல் அவர் எழுதிய ‘சாப விமோசன’த்தில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். வெளிநாட்டிலும் இதுதான். சிவப்புக் குல்லாய்ச் சிறுமியை 1697-இல் பெரோ எழுதியபோது ஓநாய் தின்றதோடு கதை முடிந்தது. 1812-இல் கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரனை வரவழைத்து வயிற்றைக் கிழித்து அவளை வெளியே எடுத்தார்கள். மாற்றாமல் சொல்லப்பட்ட கதை இன்றைக்கு நம்மிடம் எது இருக்கிறது? பெரியவர் யோசித்தார். கூட்டம் முடிந்து வந்து பேரனுக்கு ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் அவருடைய கேள்வியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நந்தன் கதையை நான் படப் புத்தகமாக விளையாடியதில்லை, விளையாடவும் மாட்டேன். ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும் வகுப்பு அது. அதில் ஒரு பிள்ளையின் தாத்தாவுக்கு நடந்ததை இன்னொரு பிள்ளை சிரிக்கிற விஷயமாக்க முடியாது. புதுமைப்பித்தன் செய்தது விளையாட்டு இல்லை, கோபம். அதை வளர்ந்தவர்கள் படிக்கட்டும். காக்கா, நரி, முதலை, தொப்பி வியாபாரி, தங்கக் கோடாலி, அரக்கனின் கிளி என்று விளையாடக் கதைகளுக்குப் பஞ்சமில்லை.

வருஷம் போகப்போக ஒன்று மாறிக்கொண்டே வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் “ஆருக்குக் கதை தெரியும்?” என்றால் வகுப்பே கை தூக்கும். ஆயா சொன்னது, அத்தை சொன்னது என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். புதுச்சேரியில் இருந்த கி. ராஜநாராயணன் சேர்த்த கதைக் களஞ்சியத்தில் பார்த்த கதைகளில் பலவற்றை வேறு வடிவத்தில் என் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். பிறகு டி.வி., அப்புறம் கைபேசி. கைகள் குறைந்தன. தெரிந்த கதை எது என்று கேட்டால் சின்ட்ரெல்லா என்கிறார்கள், அதுவும் மஞ்சள் முடியோடு. இப்போது சின்ட்ரெல்லாவைத் திருப்பிச் சொன்னால் எங்கள் குப்பத்துப் பிள்ளை சிரிக்கும், அரக்கனின் கிளியைத் திருப்பிச் சொன்னால் முழிக்கும். அதனால் என் வேலையில் பாதி இப்போது நேர்க் கதையைச் சொல்வதாக ஆகிவிட்டது.

நல்லது நடக்காமல் இல்லை. 2015-இல் பிரதம் புக்ஸ் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்த பிறகு எந்த ஊர் ஆசிரியையும் கதையை இறக்கி அச்செடுக்கலாம், தானே தமிழாக்கலாம். கடலூரில் வாழும் ஆயிஷா இரா. நடராசன், விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அறிவியலுக்குள் கூட்டிவந்து எழுதிய ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. அது படப் புத்தகம் இல்லை, ஆனால் வேதாளத்தின் கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்டியது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, மாலையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களே பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொன்னார்கள். எனக்கு அறிவொளி நாட்கள் ஞாபகம் வந்தன. 2023-இல் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிவாரியாகச் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கே கொண்டுவந்தது.

அதே சமயம், திருப்பிச் சொல்வது சுலபமாகிவிட்டது. என்னிடம் படிக்கக் கொடுக்கப்படும் புதுக் கையெழுத்துப் பிரதிகளில் நரி நல்லது, முயல் கெட்டது, இளவரசி வாள் எடுக்கிறாள், அவ்வளவுதான். ஆளை மாற்றி உட்கார வைத்தால் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். எழுதியவரிடம் நான் கேட்பது, இந்தக் கதையைக் கேட்ட யாராவது எப்போதாவது உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்டார்களா என்பதுதான். கேட்டிருந்தால் அங்கிருந்து எழுதுங்கள், கேட்காவிட்டால் போய் நேர்க் கதையை நாலு இடத்தில் சொல்லிவிட்டு வாருங்கள் என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவொளிக் கிழவியின் கேள்வியைப் புத்தகமாக்க உட்கார்ந்திருக்கிறேன். 24 பக்கம். நாவல் மரம் வக்காரமாரி ஏரிக் கரையில் நிற்கிறது. எழுத்து பழைய கதையைச் சொல்கிறது, என் பெண்டாட்டி உன் ஈரலைக் கேட்கிறாள் என்று முதலை சொல்கிறது. படத்தில் பெண்டாட்டி முதலை கரையில் முட்டைகளுக்குக் காவல் இருக்கிறாள், மண்ணைத் தள்ளுகிறாள், குஞ்சுகளை வாயில் எடுத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறாள். ஒரு பக்கத்திலும் அவள் எதையும் கேட்கவில்லை. சிக்கல் கடைசி இரண்டு பக்கத்தில். டம்மியைத் தேவனாம்பட்டினத்தில் வாசித்தபோது, அவள் பேச வேண்டும், வந்து புருஷனைக் கேட்க வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். கொள்ளிடக் கரையில் வாசித்தபோது, பேச வேண்டாம், முதலை பேசாது, குரங்கே கரைக்குப் போய்ப் பார்க்கட்டும் என்றார்கள். ஓவியர் இரண்டு முடிவுக்கும் படம் போட்டுக் கொடுத்துவிட்டார். அச்சகம் ஒன்றைத்தான் கேட்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இரண்டு டம்மியையும் ஊர் மாற்றி எடுத்துப்போகப் போகிறேன், பேசுகிற முதலையைக் கொள்ளிடக் கரைக்கும் பேசாத முதலையைக் கடற்கரைக்கும்.